தேய்ந்த டை ராட் எண்ட்: கையால் அறிவதும் கழற்றி மாற்றுவதும்

ஸ்டீயரிங்கின் சுழற்சியைப் பக்கவாட்டு அசைவாக மாற்றும் ஸ்டீயரிங் ரேக்கிலிருந்து நீளும் கம்பியை (டை ராட்), முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் நக்கிளோடு இணைக்கும் கடைசி மூட்டுதான் டை ராட் எண்ட். அதன் உள்ளே எஃகுக் குண்டு ஒன்று கிண்ணம் போன்ற இருக்கையில் கிரீஸில் தோய்ந்து சுழல்கிறது. ரப்பர் பூட் ஒன்று அதை மூடிக் காக்கிறது. இந்தப் பூட் கிழிந்த நாளிலிருந்தே மூட்டின் ஆயுள் குறையத் தொடங்கிவிடும். கிரீஸ் வெளியேற, மழைநீரும் மணல்துகளும் உள்ளே புகுந்து குண்டையும் இருக்கையையும் அரிக்கும்.

தேய்மானத்தை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் ஒலியே. சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) குடியிருப்புகளின் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில், வளைபாதையில் ஸ்டீயரிங்கை நன்றாகத் திருப்பி மெதுவாக ஏறும்போது, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கவனியுங்கள். இருபுறச் சுவர்களும் ஒலியைத் திருப்பித் தருவதால், சாலையில் காதில் விழாத ‘டொக்’ என்ற சத்தம் அங்கே தெளிவாகக் கேட்கும். விரைவுச்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது கார் நேர்கோட்டில் நிற்காமல் அலைவதும், டயரின் உள்விளிம்போ வெளிவிளிம்போ மட்டும் தேய்வதும், கையால் தடவினால் ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் அரம் போலவும் இருப்பதும் மற்ற அறிகுறிகள்.

ஆனால் அறிகுறியை மட்டும் நம்பிப் பாகத்தை மாற்றுவது தவறு. என் பழைய காரில் இதே சத்தம் வந்தபோது, பட்டறை ஒன்றில் காரைத் தூக்கிப் பார்க்காமலேயே ஸ்டீயரிங் ரேக் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். கோளாறு இடப்பக்கத்து டை ராட் எண்ட் ஒன்றில்தான் இருந்தது என்பதைக் கண்டுபிடிக்க எனக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

சோதனை எளிது. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, ஜாக் ஸ்டாண்டில் (தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் முட்டு) நிறுத்தி, கடிகாரத்தின் 3, 9 என்ற இடங்களில் இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் 12, 6 என்ற இடங்களிலும் ஆட்டிப் பாருங்கள். அங்கேயும் ஆடினால் சக்கரத்தின் பேரிங் அல்லது சஸ்பென்ஷனின் பால் ஜாயின்ட்டைச் சந்தேகிக்கலாம். 3, 9 என்ற இடங்களில் மட்டும் ஆடினால் டை ராட்டின் வெளிமுனையோ உள்முனையோ காரணம். எது என்று அறிய, சக்கரங்கள் தரையில் இருக்க, வேறொருவரை ஸ்டீயரிங்கைச் சற்றே இடமும் வலமும் அசைக்கச் சொல்லி, கம்பியும் நக்கிளும் சேரும் இடத்தில் விரலை வையுங்கள். கம்பி நகர்ந்து, நக்கிள் ஒரு கணம் பிந்தி நகர்ந்தால், அந்தப் பிந்தல் விரல்நுனியில் மெல்லிய தட்டலாகத் தெரியும். உள்முனை ரேக்கின் ரப்பர் உறைக்குள் இருப்பதால், அந்த உறையை அழுத்திப் பிடித்து உணர வேண்டும்.

மாற்றும் வேலைக்கு வீவக கார் நிறுத்துமிடம் உகந்ததன்று. தரைவீட்டின் முற்றமோ, காக்கி புக்கிட், சின் மிங் பகுதிகளில் உள்ள பட்டறையோதான் சரி. பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, சக்கர நட்டுகளைத் தரையிலேயே சற்றுத் தளர்த்தியபின் காரைத் தூக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே கையை நீட்டாதீர்கள்.

சக்கரத்தைக் கழற்றியதும் மரைகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருநீக்கி எண்ணெய் தெளித்துச் சிறிது நேரம் விடுங்கள். பின்பு கம்பியை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, டை ராட் எண்டைக் கம்பியில் அசையாமல் நிறுத்தும் லாக் நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி, அது நின்ற இடத்தைப் பெயின்ட்டால் குறித்துவிடுங்கள். மூட்டை நக்கிளோடு பிணைக்கும் பெரிய நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்ப்ளிட் பின்னை (முனை பிளந்த கம்பி ஊசி) உருவி, அந்த நட்டைத் தளர்த்துங்கள். ஆனால் முழுவதும் கழற்றாமல் சில மரைகளில் விட்டுவைத்தால், மூட்டு திடீரென விடுபட்டு உங்கள் கையில் அடிக்காது. குண்டிலிருந்து நீளும் கூம்பு வடிவத் தண்டு நக்கிளின் துளையில் இறுகியிருக்கும். அதை விடுவிக்க, இதற்கென்றே உள்ள பால் ஜாயின்ட் செபரேட்டர் என்ற கருவியே நல்லது. அது இல்லாவிட்டால், தண்டின் தலையிலன்றி நக்கிளின் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி ஓரிரு அடி அடியுங்கள். தண்டின் தலையில் அடித்தால் மரை நசுங்கி, நட்டைக் கழற்றவே முடியாமல் போய்விடும்.

பழையதைத் திருகிக் கழற்றும்போது சுற்றுகளை எண்ணிக் குறித்துக்கொண்டு, புதியதை அதே எண்ணிக்கையில் ஏற்றுங்கள். பழையதும் புதியதும் ஒரே நீளமா என்பதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபின் இதைச் செய்வது நல்லது. நட்டை முறுக்கும்போது குண்டுத் தண்டும் சேர்ந்து சுழன்றால் எரிச்சல் வரும். மூட்டின் அடியில் ஜாக்கை வைத்து மெல்ல மேலே அழுத்தினால் கூம்பு இறுகி, தண்டு நின்றுவிடும். இது தண்டு மேல்நோக்கி இருக்கும் அமைப்புக்குப் பொருந்தும். கீழ்நோக்கி இருந்தால் மேலிருந்து அழுத்த வேண்டும். உங்கள் காரின் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்குவிசை) அளவுக்கு முறுக்கியபின் ஸ்ப்ளிட் பின் நுழையும் துளை நேராக வராவிட்டால், இன்னும் சற்று இறுக்கி நேராக்குங்கள். தளர்த்தி நேராக்கக் கூடாது. ஸ்ப்ளிட் பின் எப்போதும் புதியதாகவே இருக்கட்டும். பின்னுக்குப் பதிலாகச் சுயமாக இறுகும் நட்டு இருந்தால், அதையும் புதிதாகவே போடுங்கள்.

சுற்றுகளை எண்ணி ஏற்றினால் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தை அளந்து சரிசெய்தல்) தேவையில்லை என்று சிலர் சொல்வதை ஏற்க இயலாது. மரையிடை 1.5 மில்லிமீட்டர் எனில் ஒரு சுற்றுப் பிழை கம்பியின் நீளத்தை 1.5 மில்லிமீட்டர் மாற்றும். கம்பி இணையும் நக்கிளின் கை சக்கரத்தின் ஆரத்தைவிடக் குட்டையானது என்பதால், டயரின் விளிம்பில் அந்தப் பிழை இன்னும் பெருகும். சிங்கப்பூரில் 3 ஆண்டு முதல் 10 ஆண்டு வரையிலான கார்களுக்கு ஈராண்டுக்கொரு முறையும், அதற்குமேல் ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை உண்டு. சிஓஇ (காரை வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) நீட்டித்த காரை வைத்திருப்போர் அந்தத் தேதிக்குச் சில வாரங்கள் முன்பே இந்த வேலையை முடித்து, பட்டறைக்கு மெதுவாக ஓட்டிச்சென்று அலைன்மென்ட் பார்ப்பது வசதி. அங்கே டோ அளவை (முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) சரிசெய்தபின் லாக் நட் இறுக்கப்பட்டதா என்பதைக் கிளம்புவதற்குமுன் கேட்டு உறுதிசெய்யுங்கள்.