பிலேமோனுக்கு எழுதிய கடிதத்தைக் கிரேக்கத்தோடு வாசிப்பது எப்படி

புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் படிக்க ஆசை என்று யார் வந்தாலும், ரோமர் நிருபத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள் என்றுதான் சொல்வேன். பிலேமோனை எடுங்கள். 25 வசனம், கிரேக்கத்தில் 335 சொல். காவலில் இருக்கும் பவுல், ஒநேசிமு என்ற அடிமையை அவனுடைய எஜமானான பிலேமோனிடம் திருப்பி அனுப்பும்போது எழுதியது. கிரேக்க வரிக்குக் கீழே சொல்லுக்குச் சொல் பொருள் போட்ட பதிப்பு ஒன்றும் நம் பழைய தமிழ் வேதாகமமும் போதும்.

முதலில் முழுவதையும் சத்தமாக, ஒரே மூச்சில் வாசியுங்கள். இது காதால் கேட்கப்பட்ட கடிதம்.

அப்புறம் பென்சில் எடுத்து, ஒருமையில் பேசும் இடத்தையும் பன்மையில் பேசும் இடத்தையும் குறியுங்கள். பிலேமோன், அப்பியாள், அர்க்கிப்பு, வீட்டில் கூடுகிற சபை என்று எல்லாருக்கும்தான் விலாசம். 3ஆம் வசனத்தில் ‘உங்களுக்கு’. 4இலிருந்து ‘உமக்கு’, ‘உம்மை’ என்று ஒரே ஆளைப் பார்த்துப் பேச்சு. இன்றைய ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாமலே போகும். நமக்குத் தமிழே காட்டிக்கொடுக்கிறது. கேட்பது ஒருவரிடம், ஆனால் கூடம் முழுக்க ஆட்கள் காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வீட்டில் பிலேமோனின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே மேலே படியுங்கள்.

10ஆம் வசனத்தில் நிதானமாக நில்லுங்கள். கிரேக்கத்தில் சொல் வரும் வரிசை இது: ‘உம்மை மன்றாடுகிறேன், என் பிள்ளைக்காக, கட்டுகளில் நான் பெற்றவனுக்காக, ஒநேசிமுக்காக.’ பெயர் கடைசியில்தான் வருகிறது. கோபத்தைக் கிளப்பக்கூடிய பெயர் அது. அதற்கு முன்பே ‘என் பிள்ளை’ என்று சொல்லி முடித்துவிட்டார் பவுல். இதை முதன்முதலாகக் கவனித்த அன்று அடுத்த வசனத்துக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

ஒநேசிமு என்றால் பயனுள்ளவன். அடிமைகளுக்குச் சாதாரணமாக வைத்த பெயர். 11ஆம் வசனம் அதை வைத்தே பேசுகிறது: முன்னே ‘அக்ரேஸ்தோஸ்’, பிரயோஜனமில்லாதவன், இப்போது ‘யூக்ரேஸ்தோஸ்’, பிரயோஜனமுள்ளவன். 12இல் ‘என் உள்ளம்’ என்று தமிழில் இருக்கும் இடத்தில் கிரேக்கச் சொல் ‘ஸ்ப்ளாங்க்னா’. குடல், வயிறு, உள்ளுறுப்பு. ‘பெற்ற வயிறு பதறுகிறது’ என்று நாம் சொல்வோமே, அந்த வயிறு. இதே சொல் 7இலும் 20இலும் வருகிறது. மூன்றையும் கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். பரிசுத்தவான்களின் ஸ்ப்ளாங்க்னாவை நீர் இளைப்பாற்றினீர். இவன் என் ஸ்ப்ளாங்க்னா. என் ஸ்ப்ளாங்க்னாவை இளைப்பாற்றும். கேட்க வேண்டியது அத்தனையும் அந்த மூன்று இடத்துக்குள் இருக்கிறது.

18ஆம் வசனத்தில் மொழி மாறுகிறது. ‘என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்’ என்பது கடைத்தெருப் பேச்சு. என் அப்பா மளிகைக் கடையில் பேரேடு எழுதியவர். ‘என் பற்றில் எழுதிக்கோங்க’ என்று ஒருவர் இன்னொருவருடைய கடனை ஏற்கும்போது அப்பா பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஆளை ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பார். பவுல் அதோடு விடவில்லை. ‘பவுலாகிய நான் என் கையாலே எழுதுகிறேன், நான் செலுத்துவேன்’ என்கிறார். ‘அபோதீசோ’ என்ற அந்தச் சொல், ‘நான் செலுத்துவேன்’ என்பது, பாப்பிரஸ் என்ற நாணல்தாளில் எழுதிய எகிப்திய ஒப்பந்தங்களில் வருவது. கடிதத்துக்குள் ஒரு கடன் பத்திரம்.

இனி வெளியே போய் அந்தக் காலத்தைப் பார்க்கலாம். ஒநேசிமு ஓடிப்போன அடிமை என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் கடிதம் எங்கும் அப்படிச் சொல்லவில்லை. 15இல் ‘பிரிக்கப்பட்டான்’ என்றுதான் இருக்கிறது. பரிந்து பேசச் சொல்லி எஜமானின் நண்பரிடம் போகிற அடிமை தப்பியோடியவன் ஆகமாட்டான் என்று புரோகுலுஸ் என்ற ரோமச் சட்ட அறிஞர் கருதினார். ரோம எழுத்தாளர் பிளினி, சபினியானுஸ் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தையும் தேடிப் படியுங்கள். சபினியானுஸிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒருவன் தன் காலில் விழுந்து அழுததைச் சொல்லி, அவன் இளமைக்கும் கண்ணீருக்கும் இரங்கும்படி கேட்கிறார். நல்ல கடிதம், எனக்குப் பிடிக்கும். அதைப் படித்த சூட்டோடு பிலேமோன் 16, 17க்கு வாருங்கள்: ‘பிரியமான சகோதரனாக’, ‘என்னை ஏற்றுக்கொள்வதுபோல’.

கடைசியாக 22. தங்க ஒரு இடம் ஆயத்தம்பண்ணும் என்கிறார் பவுல். அது ஒருமை, பிலேமோனுக்கு. ‘உங்கள் விண்ணப்பங்களினாலே’ என்பது பன்மை, கூடத்தில் இருக்கும் எல்லாருக்கும். வந்து பார்க்கப் போகிறார்.