சர்க்கரைக் கண்ணாடிக்குள் நொதியை உலர்த்துவது எப்படி

இது உறை உலர்த்தல் முறை: கரைசலை உறையவைத்து, வெற்றிடத்தில் பனியை நேராக ஆவியாக்குவது. நொதி ஒரு புரதம். அதன் கரைசலை அப்படியே உலர்த்தினால், புரதத்தைச் சுற்றியிருந்த நீர் விலகி அதன் மடிப்பு குலைந்துவிடும். சர்க்கரை இரண்டு வழிகளில் காக்கிறது: நீர் விட்டுப்போன ஹைட்ரஜன் பிணைப்பு இடங்களில் தானே அமர்கிறது, படிகமாகாமல் கண்ணாடியாக இறுகி, புரதத்தை அசையவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

முதல் தேர்வு ட்ரெஹலோஸ். உலர்ந்த நிலையில் அதன் கண்ணாடி 110 டிகிரி செல்சியஸுக்கும் மேலேதான் இளகும். சுக்ரோஸ் 60-70 டிகிரியிலேயே இளகிவிடும். குளூக்கோஸ், லாக்டோஸ் வேண்டாம்: சேமிப்பில் புரதத்தோடு வினைபுரிந்து பழுப்பாக்கும். மேனிட்டால் என்னும் சர்க்கரை ஆல்கஹால் எளிதில் படிகமாகிவிடுவதால் தனியாகக் காக்காது.

100 மி.லி. கரைசலுக்கு நொதி 0.5 கிராம், ட்ரெஹலோஸ் 5 கிராம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் இரு நீர் மூலக்கூறு சேர்ந்த வகை, அதில் 5.5 கிராம் எடுக்க வேண்டும். பஃபராக, அதாவது பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) மாறாமல் காக்கும் பொருளாக, 10 மில்லிமோலார் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் போதும். சோடியம் பாஸ்பேட்டைத் தவிர்க்கவும். உறையும்போது அதன் ஒரு உப்பு மட்டும் படிகமாகி, பிஎச் வெகுவாகச் சரியும்.

குப்பியில் 1 செ.மீ. உயரத்துக்கு மேல் ஊற்றாமல், மைனஸ் 45 டிகிரியில் 3 மணி நேரம் உறையவிடுங்கள். பிறகு அழுத்தத்தை 0.1 மில்லிபாருக்குக் குறைத்து, உலர்த்தும் கருவியில் குப்பிகள் நிற்கும் தட்டை மைனஸ் 25க்கு ஏற்றுங்கள். கவனிக்க வேண்டியது தட்டின் வெப்பநிலையை அல்ல, குப்பிக்குள் இருக்கும் வெப்பநிலையை. பனி ஆவியாவதால் உள்ளே இன்னும் குளிர்ந்திருக்கும். ஒரு குப்பியின் அடியைத் தொடும்படி வெப்பநிலை காட்டும் உணர்கம்பியை வைத்து, அது மைனஸ் 32ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் தட்டைக் குளிர்வியுங்கள். மைனஸ் 30ஐ ஒட்டி, பனிக்கு இடையிலுள்ள, இன்னும் நீர் கலந்த சர்க்கரை இளகி நுண்துளைகள் அடைபடும். அடை (குப்பியில் உலர்ந்து நிற்கும் கட்டி) சுருங்கி, குப்பியின் சுவரை விட்டு விலகி, அடியில் பிசினாகப் படிந்தால் நடந்தது இதுதான்.

உணர்கம்பி தட்டின் வெப்பநிலைக்கு ஏறினால் அந்தக் குப்பியில் பனி தீர்ந்தது. கம்பியுள்ள குப்பி மற்றவற்றை முந்திவிடும் என்பதால் இன்னும் சில மணி நேரம் பொறுங்கள். பின்னர் நிமிடத்துக்கு 0.1 டிகிரி வீதம் 25 டிகிரிக்கு ஏற்றி, 6 மணி நேரம் நிறுத்துங்கள். இங்கே அவசரப்பட்டால் மிச்ச நீரோடு கண்ணாடி இளகும்.

எஞ்சிய நீர் 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நீரின் அளவை வேதிவினையால் காணும் கார்ல் ஃபிஷர் முறையில் அளந்தே உறுதிசெய்யுங்கள். பார்வைக்கு நன்றாக இருக்கும் அடையை நம்பக் கூடாது. நீர் 10 சதவீதத்தை எட்டினால் இளகும் வெப்பநிலை அறை வெப்பநிலையை நெருங்கிவிடும். ட்ரெஹலோஸ் படிகமாகி நொதியைக் கைவிட்டுவிடும். ஆகவே வெற்றிடத்திலேயே ரப்பர் மூடியை அழுத்தி மூடுங்கள். மூடியையும் முன்கூட்டியே அடுப்பில் உலர்த்துவது அவசியம். ரப்பரில் ஊறிய ஈரம் மாதக்கணக்கில் அடைக்குள் கசியும்.

சேமிப்பு வெப்பநிலை, கண்ணாடி இளகும் புள்ளிக்கு 50 டிகிரி கீழே இருப்பது நல்லது. திறந்ததும், இழந்த அளவு நீரை மெதுவாகச் சேர்த்து, நுரைக்காமல் சுழற்றிக் கரையுங்கள். உலர்த்துமுன் அளந்த செயல்திறனோடு உடனே ஒப்பிடுங்கள். ஒரு மாதம் கழித்து வேறொரு குப்பியிலும் அளவிடுங்கள். முதல் அளவிலேயே குறைந்திருந்தால் உறைவித்தலையும் பஃபரையும் சந்தேகியுங்கள். பிறகு குறைந்திருந்தால் ஈரத்தை.