வீட்டுக் கல்விக்கான கால அட்டவணை: வேலை நெருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வழிமுறை

பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைப்பதென்று முடிவெடுத்த பெற்றோர் பலரும், ஒன்பது மணிக்குக் கணக்கு, பத்து மணிக்குத் தமிழ் என்று பள்ளியின் அட்டவணையை அப்படியே எழுதிச் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். திருப்பூரில் ஷிப்மென்ட் நெருங்கினால் ஓவர்டைம், சோமனூர்ப் பக்கம் தறிக்கூடத்தில் பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும், கோபிப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் நேரம் காலம் பாராமல் தோட்டம் என்று வாழும் வீடுகளில் அந்த அட்டவணை நெடுநாள் தாங்காது. எதற்குப் பின் எது என்ற வரிசையை மட்டும் நிலையாக வைத்துக்கொண்டு, மணியை வீட்டு வேலையின் போக்குக்கு விட்டுவிடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

அதற்கு முன் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது விதிக்கவில்லை, வீட்டுக் கல்வியைப் பெயர் சொல்லி அனுமதிக்கவோ தடுக்கவோ இல்லை. இப்படித் தெளிவில்லாத நிலை இருப்பதால், பிள்ளை என்ன படித்தது என்பதற்கு எழுத்தில் பதிவு வைத்திருப்பது எப்போதும் நல்லது. கீழே சொல்லும் நோட்டு அந்தப் பதிவாகவும் பயன்படும்.

முதல் இரண்டு வாரங்களுக்கு அட்டவணை எதுவும் போட வேண்டாம். யார் எப்போது எழுகிறார்கள், வீடு எந்நேரத்தில் அமைதியாக இருக்கிறது, எந்தப் பொழுதில் பெரியவர் ஒருவருக்கேனும் கை ஓய்கிறது, பிள்ளைக்கு மனம் எப்போது ஊன்றுகிறது என்பதை ஒரு நோட்டில் குறித்து வந்தால் போதும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மின்விசிறி ஓடாத பகலில் வகுத்தல் கணக்குச் சொல்லிக்கொடுப்பது இரு தரப்புக்கும் தண்டனை.

அடுத்து, எந்த நாளிலும் விடக்கூடாத பாடங்கள் இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். என் கருத்தில் அவை கணக்கும் தமிழ் வாசிப்பும்தான். இவ்விரண்டிலும் இடைவெளி விழுந்தால் மற்ற பாடங்களும் சேர்ந்து தடுமாறும். இவற்றைக் கடிகாரத்தோடு பிணைக்காமல், வீட்டில் தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு பிணைக்க வேண்டும். சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்ததும் கணக்கு, மாலையில் மாடுகளைக் கட்டுத்தறியில் கட்டியதும் வாசிப்பு என்று வைத்துவிட்டால், பால் ஊற்றப் போனவர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாலும் பாடம் தவறிப்போவதில்லை, தள்ளிப்போவதோடு சரி. ஆறேழு வயதுப் பிள்ளைக்கு ஒரே மூச்சில் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு நாற்பது நிமிடம் வரை போகலாம். எதிரே ஒரே ஒரு பிள்ளையை உட்கார வைத்துச் சொல்லித்தரும்போது பள்ளியைப் போல ஆறு மணி நேரம் தேவைப்படாது.

மற்ற பாடங்களுக்கு நாள் கணக்கு வேண்டாம், வாரக் கணக்குப் போதும். ஆங்கிலம் நான்கு முறை, அறிவியல் மூன்று முறை, சமூக அறிவியல் இரண்டு முறை, படம் வரைதல் ஒரு முறை என்று நோட்டின் ஒரு பக்கத்தில் எழுதி, எதிரே அத்தனை கட்டங்கள் போட்டு, முடிந்ததைப் பிள்ளையே டிக் செய்யட்டும். அப்பா இரவு ஷிப்ட் முடித்து வந்து காலையில் உறங்கும் வாரத்தில், சத்தமில்லாமல் எழுதும் வேலைகளைக் காலைக்கு வைத்து, வாய்விட்டுப் படிக்க வேண்டியவற்றைப் பிற்பகலுக்கு மாற்றிக்கொள்ளலாம். கட்டங்களின் எண்ணிக்கை மாறாது. சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயிறு சந்தைக்குப் போகும் வீடுகளில் வாரத்தை வெள்ளியோடு முடித்துவிட்டு, சனிக்கிழமையை விட்டுப்போனவற்றுக்காகக் காலியாக வைப்பது உத்தமம்.

வாரத்தைவிடப் பெரிய கணக்கு பட்டத்தினுடையது, அதாவது பயிர்ப் பருவத்தினுடையது. பண்ணையம் பார்க்கும் குடும்பங்களில் அட்டவணை தோற்பது பெரும்பாலும் இங்கேதான். கீழ்பவானிப் பாசனத்தில் வழக்கமாக ஆகஸ்ட் நடுவில் தண்ணீர் திறந்ததும் நடவு வேலை நெருக்கும். தையிலும் மாசியிலும் மஞ்சள் வெட்டு, வேகவைப்பு, காயவைப்பு என்று சாளையில் (தோட்டத்து வீட்டில்) ஆள் உட்கார நேரமிருக்காது. அந்த வாரங்களில் புதுப் பாடம் எதையும் தொடங்காமல், கணக்கையும் வாசிப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு, மஞ்சளையே பாடமாக்கிவிடலாம். நூறு கிலோ பச்சை மஞ்சள் வெந்து காய்ந்தால் ஏறத்தாழ இருபது கிலோதான் தேறும். மூன்று மூட்டையைத் தனித்தனியே எடை போட்டு, காய்ந்தபின் மீண்டும் எடை போட்டு விழுக்காடு கண்டுபிடிக்கச் சொன்னால், புத்தகத்தில் புரியாத விழுக்காடு களத்தில் புரியும். விரல் போல் நீண்ட விரலி மஞ்சளுக்கும் உருண்டையான கிழங்கு மஞ்சளுக்கும் ஈரோட்டில் தனித்தனி விலை என்பதால், நாளிதழில் வரும் குவிண்டால் விலையை இரண்டு வாரம் எழுதிவைத்துச் சராசரி எடுப்பதும், வரைபடம் போடுவதும் அதன் தொடர்ச்சி. ஆனால் ஒன்று: நாள் முழுவதும் மஞ்சள் பொறுக்க வைத்துவிட்டு அதற்குப் படிப்பு என்று பெயர் வைக்கக்கூடாது. எடை போட்டது, எழுதியது, கணக்கிட்டது நோட்டில் இருந்தால்தான் அது பாடம், மற்றதெல்லாம் வேலைதான். மே மாதத்தில் பள்ளிப் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்துவிடுவார்கள் என்பதால், அப்போது அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டுக்கு அனுப்பிவிடுவதே எல்லோருக்கும் நிம்மதி. இப்படிக் குறையும் நாட்களை ஈடுகட்ட, வேலை குறைவான மாதங்களில் வாரக் கட்டங்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் அட்டவணையில் இடம் கொடுங்கள். அப்பாருக்கு (தாத்தாவுக்கு) கண் மங்கியிருந்தால் நாளிதழைப் படித்துக்காட்டும் வேலையைப் பேரனுக்குக் கொடுக்கலாம்; வாசிப்புப் பயிற்சி யாரும் சொல்லாமலே நடந்துவிடும். இரு பிள்ளைகள் இருக்கும் வீட்டில், பெரியது தானாக எழுதும் நேரத்தில் சின்னதற்குச் சொல்லித்தருவது என்று மாற்றி மாற்றி வைத்தால் தாய்க்குச் சுமை பாதியாகும். வெளியே கூட்டிப்போகும் நாட்களையும் முன்பே குறித்துவைக்கலாம்: சென்னிமலையை அடுத்து நொய்யல் கரையில் உள்ள கொடுமணல், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கல்மணி செய்யும் தொழிலின் தடயங்களும் கிடைத்த ஊர் என்பதால், வரலாற்றுப் பாடத்துக்கு அதைவிடப் பக்கத்தில் வேறு இடம் வேண்டியதில்லை.

மாதம் ஒருமுறை, அமாவாசை அன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், நோட்டைப் பிள்ளையோடு உட்கார்ந்து புரட்டிப் பாருங்கள். ஒரே பாடத்தின் கட்டம் வாரந்தோறும் காலியாகவே கிடந்தால், அதன் பொழுதை மாற்றுங்கள், அல்லது எண்ணிக்கையைக் குறையுங்கள். விட்டுப்போனதை எல்லாம் அடுத்த வாரத்தின் தலையில் ஏற்றினால், மூன்றாம் வாரத்தில் பிள்ளை நோட்டையே ஒளித்துவைத்துவிடும்.

தேர்வைப் பொறுத்தவரை தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி வர வேண்டும். என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும். பொதுத்தேர்வு ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. பதிவு ஐந்தாண்டுகள் செல்லும் என்பதால் பாடங்களைப் பிரித்து எழுதவும் வழியுண்டு. மஞ்சள் வெட்டு மாசி வரை இழுக்கும் வீடுகள் ஏப்ரலில் இரண்டு பாடத்தை மட்டும் எழுதிவிட்டு, மீதியை அக்டோபருக்கு வைத்துக்கொள்ளலாம். செய்முறைத் தேர்வு உள்ள அறிவியல் போன்ற பாடங்களுக்கு மட்டும், படிப்பு மையத்துக்குப் போய்வரும் நாட்களைத் தனியாகக் கணக்கில் சேர்த்துவிட வேண்டும்.