ஜெபிக்க உட்கார்ந்தும் சொல் எழாதபோது

வீட்டுக் கூட்டத்தில் யாராவது நம் பக்கம் திரும்பி, "நீங்கள் ஒரு சின்ன ஜெபம் பண்ணுங்கள்" என்று சொன்ன மாத்திரத்தில், "அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம தகப்பனே" என்று தொடங்கிப் பத்து நிமிடம் தடங்கலின்றிப் பொழிகிறவர்களைக் கேட்டே நம்மில் பலர் வளர்ந்திருக்கிறோம். அதனால் ஜெபம் என்பதே ஒருவகைச் சொல்வன்மை என்ற எண்ணம் நம்மை அறியாமல் உள்ளே படிந்துவிட்டது. பிறகு ஒரு மரணமோ, நீண்ட நோயோ, ஆண்டுக்கணக்கில் பதில் வராத ஒரு வேண்டுதலோ, காரணம் புரியாத வெறும் களைப்போ வந்து நாவைக் கட்டிப்போடும்போது, விசுவாசமே போய்விட்டதோ என்று பயந்துவிடுகிறோம். இப்படிப்பட்ட நாட்கள் எனக்கும் வந்ததுண்டு. அப்போது நான் செய்த தவறு, புதிய சொற்களுக்காக மனத்தைப் பிழிந்ததுதான். ஏற்கெனவே சொல்லப்பட்ட சொற்களைக் கடன் வாங்குவது, ஒரே வரியோடு நின்றுகொள்வது, சொல்லே இல்லாமல் உட்கார்ந்திருப்பது, பிறரைச் சொல்லச் சொல்வது ஆகிய வழிகள் திருச்சபையில் பல நூற்றாண்டுகளாகவே இருந்து வருகின்றன.

இந்த நிலை வேதத்துக்குப் புதியதன்று. "நான் பேசமாட்டாதபடி சஞ்சலப்படுகிறேன்" என்று, வேதத்தின் ஜெபப் பாடல்களாகிய சங்கீதங்களில் 77ஆவதைப் பாடியவனே சொல்லியிருக்கிறான். பிள்ளையில்லாத அன்னாள் சீலோவிலே ஜெபித்தபோது அவளுடைய உதடுகள் மாத்திரம் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை. அதைப் பார்த்த ஆசாரியனாகிய ஏலி, அவள் குடித்து வெறித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். சத்தமில்லாத ஜெபத்தை ஆலயத்தின் வாசலிலேயே இருந்தவனால் அடையாளம் காண முடியவில்லை என்பது எனக்கு எப்போதுமே ஆறுதலான செய்தி. பவுலோ ரோமர் 8ஆம் அதிகாரத்தில், நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாதிருக்கும்போது ஆவியானவர்தாமே "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்கிறார். அப்படியானால் நாம் விடுகிற பெருமூச்சையும் ஜெபக்கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

முதலில் கைவைக்க வேண்டியது சங்கீதப் புத்தகத்தில்தான். கத்தோலிக்கர் திருப்பாடல்கள் என்று சொல்லும் இந்த 150 பாடல்களில் முறையீடும் புலம்பலும் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கின்றன என்பதை, துதிப் பாடல்களை மட்டுமே தேடிப் படிக்கப் பழகிய நாம் கவனிப்பதில்லை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13ஆம் சங்கீதம் கேட்கிறது, 130ஆம் சங்கீதம் ஆழங்களிலிருந்து கூப்பிடுகிறது, 88ஆம் சங்கீதமோ பெரும்பாலான புலம்பல்களில் கடைசியில் எட்டிப்பார்க்கும் அந்த ஒரு நன்றி வரிகூட இல்லாமல், சிநேகிதரும் அறிமுகமானவர்களும் விலகிப்போன இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதைத் தொகுத்தவர்கள் யாரும் அதற்கு ஒரு நல்ல முடிவை எழுதிச் சேர்க்கவில்லை. ஆகவே நாமும் சேர்க்க வேண்டியதில்லை.

ஒரு சங்கீதத்தை ஜெபமாக்குவதற்கு அதை ஆராய வேண்டாம். பக்கத்து அறைக்குக் கேட்காத அளவுக்குத் தாழ்ந்த குரலில், ஆனால் வாயைத் திறந்து, மெதுவாக வாசியுங்கள்; கண்ணால் மட்டும் வாசித்தால் மனம் மூன்றாவது வரியிலேயே வேறெங்கோ போய்விடும். ஏதாவது ஒரு வரி தைத்தால் அங்கேயே நின்று, அதை இரண்டு மூன்று முறை சொல்லி, ஓரத்தில் பென்சிலால் தேதியைக் குறித்துவையுங்கள். எந்த வரியும் தைக்காவிட்டால் இறுதிவரை வாசித்துவிட்டு ஆமென் சொல்லிப் புத்தகத்தை மூடிவிடலாம். எந்தச் சங்கீதத்தை எடுப்பது என்று தெரிவு செய்வதுகூடச் சுமையாக இருக்கிற நாட்களுக்கு, 1662ஆம் ஆண்டின் இங்கிலாந்துத் திருச்சபை ஜெபப்புத்தகத்தில் உள்ள ஏற்பாடு மிகவும் உதவும். அது 150 சங்கீதங்களையும் மாதத்தின் 30 நாட்களுக்குக் காலை, மாலை என்று பங்கிட்டுவைத்திருக்கிறது. இன்று என்ன தேதியோ அதுதான் இன்றைய பாடம். அந்த முறைப்படி 17ஆம் தேதி காலையில், நாம் எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தாலும், 88ஆம் சங்கீதம் வந்தே தீரும். அன்று நாம் அதை அழுதுகொண்டிருக்கிற வேறொருவருக்காக வாசிக்கிறோம். நாம் அழுகிற மாதத்தில் நமக்காக யாரோ வாசிக்கிறார்கள்.

சங்கீதம்கூட நீளமாகத் தோன்றும் நாட்கள் உண்டு. அப்போது, இயேசு தம் சீஷர்களுக்குக் கற்றுக்கொடுத்த கர்த்தருடைய ஜெபம் போதும், அதுவும் முழுவதுமாக வேண்டியதில்லை. 1535இல் விட்டன்பெர்க் நகரத்தில் மார்ட்டின் லூத்தரின் நாவிதராகிய பீட்டர் என்பவர், எப்படி ஜெபிப்பது என்று கேட்டதற்கு விடையாக லூத்தர் ஒரு சிறு நூலையே எழுதிக் கொடுத்தார். தமக்கும் ஜெபத்தில் மனம் குளிர்ந்துபோகிற நேரங்கள் வருவதாகவும், அப்போது சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்கோ ஆலயத்துக்கோ போவதாகவும் அதில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். கர்த்தருடைய ஜெபத்தைத் தாம் இன்னும் குழந்தை பால் குடிப்பதுபோலக் குடித்துக்கொண்டிருப்பதாகவும் எழுதினார். அந்தச் சீர்திருத்தக்காரருக்கே அது போதுமானதாக இருந்தது. அந்த ஜெபத்தின் ஒரு விண்ணப்பத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பணக்கஷ்டம் என்றால் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்பதையும், மன்னிக்க முடியாத கோபம் என்றால் அதற்கு அடுத்த வரியையும் சொல்லி, அந்த வரியிலேயே சற்று நேரம் தங்கியிருங்கள்.

இதில் தமிழ் வாசகருக்குக் கிடைக்கிற ஒரு நுட்பம் உண்டு. நம் மொழியில் "நம்" என்பதும் "எங்கள்" என்பதும் வெவ்வேறு. "எங்கள் பிதாவே" என்று சொல்லும்போது, கேட்கிறவரை எதிரே வைத்து, சொல்லுகிற ஒரு கூட்டத்தோடு நான் போய் நின்றுகொள்கிறேன். "என் பிதாவே" என்று தனியாகத் தொடங்கத் தெம்பில்லாத நாளில், அந்த "எங்கள்" என்ற சொல்லுக்குள் ஒதுங்கிக்கொள்ள இடமிருக்கிறது.

இன்னும் சுருங்க வேண்டுமானால் ஒரே வரிக்கு வந்துவிடலாம். தண்ணீரில் அமிழத் தொடங்கிய பேதுரு நீண்ட முன்னுரை எதுவும் சொல்லவில்லை. "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்று மூன்றே சொற்களில் கூப்பிட்டான். கீழைத் திருச்சபைகளில் "கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவே, தேவகுமாரனே, பாவியாகிய என்மேல் இரங்கும்" என்ற வரியை, முடிச்சுகள் போட்ட ஒரு கயிற்றை விரலால் நகர்த்தியபடி, சிலர் நாள் முழுவதும் சொல்லிவருகிறார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் ஜான் கசியன் என்ற துறவி, "தேவனே, என்னை விடுவியும்" என்று தொடங்கும் 70ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை எந்த நேரத்துக்கும் ஏற்ற ஜெபமாகத் தம் வாசகருக்குப் பரிந்துரைத்தார். உங்களுக்கு ஏற்ற ஒன்றைத் தேர்ந்து, மூச்சை இழுக்கும்போது அழைப்பையும் விடும்போது விண்ணப்பத்தையும் மனத்துக்குள் சொல்லுங்கள். பேருந்து நிறுத்தத்திலும், மருத்துவமனை வராந்தாவிலும், தூக்கம் வராத இரண்டு மணிக்கும் இது முடியும். ஒரு வாரத்துக்காவது வரியை மாற்றாமல் இருப்பது நல்லது, ஏனென்றால் மாற்றத் தொடங்கினால் மறுபடியும் சொல் தேடுகிற வேலை வந்துவிடும்.

ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வது, மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கண்டித்த வீண்வார்த்தை அல்லவா என்று சிலர் கேட்பார்கள். அதிக வசனிப்பினால் ஜெபம் கேட்கப்படும் என்ற நினைப்பையே அவர் அங்கே கண்டித்தார். அந்த வசனம் நம்முடைய பத்து நிமிடப் பொழிவுகளைத்தான் அதிகமாக உறுத்த வேண்டும் என்பது என் கருத்து. கெத்செமனேயில் அவரே மறுபடியும் போய் "அந்த வார்த்தைகளையே சொல்லி" ஜெபித்தார் என்று மாற்கு எழுதுகிறார். 136ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடிகின்றன. கத்தோலிக்க நண்பர்களின் செபமாலையும் இவ்வகையில் களைத்தவர்களுக்குப் பெருந்துணை; மனம் ஓய்ந்துபோனாலும் விரல் அடுத்த மணிக்கு நகர்ந்துகொண்டிருக்கும்.

சொல்லே வேண்டாம் என்று தோன்றினால், 2 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தைத் திறந்து எசேக்கியா ராஜாவைப் பாருங்கள். அசீரியரின் மிரட்டல் நிருபம் கைக்கு வந்ததும், அவன் அதை எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்தான். பேசியது அதற்குப் பிறகுதான். ஸ்கேன் ரிப்போர்ட்டையோ, வங்கியிலிருந்து வந்த நோட்டீசையோ, பேச்சை நிறுத்திவிட்ட மகனின் புகைப்படத்தையோ மேசைமேல் விரித்துவைத்து, உள்ளங்கைகளை மேல்நோக்கித் திறந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிராதபடி கைபேசியில் நேரம் வைத்துக்கொள்ளலாம். சிலருக்கு முழங்கால்படியிடுவது உதவும், சிலருக்குக் கீர்த்தனையின் மெட்டை மட்டும் முணுமுணுத்துக்கொண்டு நடப்பது உதவும்.

மற்றவர்களிடம் ஒப்படைப்பதற்குத்தான் நாம் மிகவும் கூச்சப்படுகிறோம். கப்பர்நகூமில் நாலுபேர் கூரையைப் பிரித்து இறக்கிய திமிர்வாதக்காரன் ஒரு வார்த்தைகூடப் பேசியதாக மாற்கு எழுதவில்லை. இயேசு பார்த்தது "அவர்கள்" விசுவாசத்தை. பொதுவாக "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று எல்லாரிடமும் சொல்வதை விட, ரகசியம் காக்கிற ஒருவரிடம், "எனக்கு ஜெபிக்க வரவில்லை, இந்த வாரம் என் பங்கை நீங்கள் செய்யுங்கள்" என்று கேளுங்கள். அறிவுரை வேண்டாம் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். யோபின் சிநேகிதர் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாதிருந்தவரைக்கும் நன்றாகவே நடந்துகொண்டார்கள். கூட்டத்தில் திடீரென்று ஜெபிக்கச் சொன்னால், "சேர்ந்து கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லுவோம்" என்று தொடங்கிவிடலாம். அதில் எந்தக் குறையும் இல்லை.

தூக்கமும் பசியும் கெட்டு, எந்த வேலையும் ஓடாமல், இரண்டு வாரத்துக்கு மேலாக மனம் இருண்டே கிடந்தால், அதை ஜெபக்குறைவு என்று மட்டும் எண்ணிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்ட எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொண்டுவந்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும்தான். சாப்பிட்டான், மறுபடியும் படுத்துக்கொண்டான். மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 எந்நேரமும் கிடைக்கும், தமிழிலும் பேசலாம்.

சொற்கள் திரும்பும்போது பெரும்பாலும் நன்றியாக வருவதில்லை. முதலில் ஒரு குறையாகவோ கோபமாகவோதான் வரும், சில சமயம் "ஏன்?" என்ற ஒற்றைக் கேள்வியாக வரும். அதை மரியாதையான ஜெபமொழிக்கு மாற்றி எழுதாமல், வந்தபடியே சொல்லி, மறுநாளும் அதே நேரத்தில் அதே நாற்காலியில் போய் உட்காருங்கள். பென்சிலைப் புத்தகத்துக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.