காட்டு ஈஸ்ட் பீரை ஐஸ் குளிரில் குடிக்காதீர்கள்

டர்பன் வெயிலில் எந்த பீரையும் ஜில்லென்று குடித்தே நமக்குப் பழக்கம். பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட்டில் நொதித்த, ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) தூக்கலான பண்ணை ஏல் என்ற நாட்டுப்புற வகை பீர் கிடைத்தால் அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அதிகக் குளிர் மணத்தை அமுக்கிவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து 20 நிமிடம் விட்டு, 10 டிகிரி வாக்கில் திறங்கள்.

முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் தங்கும். நுரை பொங்கும், அதனால் வாய் குறுகிய பெரிய கிளாஸில் சாய்த்து, பாதி மட்டும் ஊற்றுங்கள். இப்போது முகர்ந்து பாருங்கள். முதலில் வருவது ஹாப்ஸ். நம் தென்னாப்பிரிக்காவின் ஜார்ஜ் நகர்ப் பக்கம் விளையும் சதர்ன் பேஷன் வகை ஹாப்ஸ் சேர்ந்திருந்தால், கிரனடிலா (பேஷன் ஃப்ரூட்) பழத்தை அப்போதுதான் வெட்டிய மாதிரி இருக்கும். கிளாஸைச் சுழற்றி மறுபடி முகர்ந்தால் ஈர வைக்கோல், புதுத் தோல் செருப்பு, சில சமயம் அன்னாசி. அது கெட்டுப்போன வாடை இல்லை, அந்த ஈஸ்ட்டின் கைவண்ணம். நாக்கில் இனிப்பு நிற்காது. மற்ற ஈஸ்ட் விட்டுவைக்கும் சர்க்கரையையும் இது தின்றுவிடும்.

குடைந்த பிரெட்டில் காரக் குழம்பு நிரப்பிய பன்னி சௌவை அப்புறம் சாப்பிடலாம். கசப்பும் குமிழும் மிளகாய்க் காரத்தை ஏற்றிவிடும். காரமில்லாத பொரித்த மீன் அருமையாகச் சேரும்.

முடிந்தால் இரண்டாவது பாட்டிலை 6 மாதம் இருட்டில் வையுங்கள். ஹாப்ஸ் மணம் தேய்ந்து, வைக்கோல் வாசம் ஓங்கியிருக்கும்.