பேராசிரியரைத் தேர்ந்தெடுக்க இணைய மதிப்புரைகளை நாடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாடப் பதிவு தொடங்கும் வாரத்தில் மாணவர்கள் கைப்பேசியும் கையுமாக என்னிடம் வருகிறார்கள். ஒரே பாடத்தை மூவர் நடத்தும்போது யாரிடம் சேரலாம் என்று கேட்பதற்கு முன்பே, ஒருவருக்கு இணையத்தில் நான்கரை நட்சத்திரம் இருப்பதைக் காட்டி, முடிவைத் தாங்களே எடுத்துவிட்டு என் ஒப்புதலுக்காக மட்டும் காத்து நிற்கிறார்கள். பாடத் தேர்வில் வழிகாட்டும் பணியில் இருக்கும் நான், என் தலைமுறை மாணவர்கள் விடுதி அறைகளில் வாய்வழிச் செய்தியை நம்பிச் செய்த அதே பிழைகளை இவர்கள் திரையைப் பார்த்துச் செய்வதை ஒவ்வொரு பருவத்திலும் காண்கிறேன். போலிக் கணக்குகளின் புகழுரையையும் வசைச் சொற்களில் கொட்டப்படும் கோபத்தையும் நம்பக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததே, அவற்றை விட்டுவிடுகிறேன். நேர்மையான மாணவர்கள் மனமறிந்து எழுதிய மதிப்புரைகளைக்கூட எவ்வளவு தவறாகப் புரிந்துகொள்ள முடியும் என்பதே இங்கு என் கவலை.

சராசரி எண்ணை மட்டும் பார்ப்பது

ஐந்து பேரில் நால்வர் 5 கொடுத்து ஒருவர் 1 கொடுத்தால் சராசரி 4.2. ஆறாவதாக ஒருவர் வந்து 1 கொடுத்தால் அது ஏறத்தாழ 3.7 ஆகிவிடும். ஆசிரியரிடம் எதுவும் மாறவில்லை. ஒரே ஒரு மாணவரின் மனநிலைதான் எண்ணை மாற்றியது. அறுபது பேர் படித்த வகுப்பில் ஆறு பேர் மட்டும் எழுதியிருக்கிறார்கள் என்றால், எழுதாத ஐம்பத்து நான்கு பேரைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்வதில்லை. யாரும் கட்டாயப்படுத்தாதபோது எழுத முன்வருபவர்கள் பெரும்பாலும் மிகவும் மகிழ்ந்தவர்களோ மிகவும் புண்பட்டவர்களோதான். ஆகவே சராசரியைவிட மதிப்பெண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதைப் பாருங்கள். பாதிப்பேர் 5, பாதிப்பேர் 1 என்று பிரிந்திருக்கும் ஆசிரியரும், அனைவரும் 3 கொடுத்த ஆசிரியரும் ஒரே சராசரியைப் பெறுவார்கள்; முன்னவரிடம் எந்த வகை மாணவர் பயன்பெற்றார், எந்த வகையினர் திணறினார் என்பதை விசாரித்தறிவது மிகவும் பயனுள்ளது.

பழைய மதிப்புரையை இன்றைய நிலையாகக் கொள்வது

தேதியைப் பாருங்கள்.

வேறொரு பாடத்துக்கு எழுதியதை இந்தப் பாடத்துக்குப் பொருத்துவது

அறிமுக வகுப்பை நடத்தத் திணறும் ஆசிரியர் ஒருவர் மேல்நிலைக் கருத்தரங்கில் மிகச் சிறந்தவராக இருக்கலாம்.

‘எளிது’ என்பதை ‘நல்லது’ என்று படிப்பது

மற்ற எல்லாத் தவறுகளையும் ஒரு பருவத்துக்குள் சரிசெய்துவிடலாம். இந்த ஒன்று மட்டும் ஆண்டுக்கணக்கில் விலை கேட்கிறது. இதை மீண்டும் மீண்டும் பார்க்கும்போது எனக்கு இன்றும் ஆற்றாமையும் எரிச்சலும் ஒருசேர எழுகின்றன.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவி முதல் நுண்கணிதப் பாடத்துக்கு இரு ஆசிரியர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஒருவரைப் பற்றி, தேர்வில் வரும் கணக்குகளைப் போலவே முன்கூட்டி வகுப்பில் போட்டுக் காட்டிவிடுவார், வீட்டுப்பாடம் குறைவு, மதிப்பெண் தாராளம் என்று எழுதியிருந்தார்கள். மற்றவரைப் பற்றி, வாரந்தோறும் குறுந்தேர்வு வைக்கிறார், விடை சரியாக இருந்தாலும் ஏன் அப்படி வந்தது என்று கேட்கிறார், ஒரே மாதிரிக் கணக்கை இரண்டு முறை தருவதே இல்லை என்று குறைப்பட்டிருந்தார்கள். அவள் முதலாமவரிடம் சேர்ந்து மிக நல்ல மதிப்பெண்ணும் பெற்றாள். அடுத்த பருவத்தில் வகைக்கெழுச் சமன்பாடுகள் வந்தபோது, பழகிய வடிவத்தில் இல்லாத எந்தத் தொகையீட்டையும் அவளால் தொடங்கவே முடியவில்லை. அந்தப் பாடத்தை இடையில் கைவிட நேர்ந்தது; அதை முன்தேவையாகக் கொண்ட இரண்டு பாடங்கள் அதனால் தள்ளிப்போயின; பட்டம் முடிப்பதும் ஓராண்டு தாமதமானது. அவள் உழைப்பில் குறையிருந்ததாக நான் கருதவில்லை. இரண்டாமவர் மீது மாணவர்கள் சொன்ன குறைகள் ஒவ்வொன்றும் அவளுக்குத் தேவையான பயிற்சியின் விவரங்களாகவே இருந்தன. அவற்றை அப்படிப் படிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஒரு மாணவியின் கதையை வைத்துப் பொது முடிவுக்கு வரக் கூடாதுதான். ஆனால் இதைப் பெரிய அளவிலேயே சோதித்திருக்கிறார்கள். அமெரிக்க விமானப்படை அகாதமியில் மாணவர்கள் ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதில்லை. எந்த வகுப்பில் யார் என்பது குலுக்கல் முறையில் அமைகிறது, எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரே பாடத்திட்டமும் ஒரே தேர்வும் உண்டு, தொடர் பாடங்களும் கட்டாயம். அங்கு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் பதிவுகளை ஆராய்ந்து ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் ஆகிய பொருளியலாளர்கள் 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தம் மாணவர்களுக்கு அந்தப் பாடத்தில் அதிக மதிப்பெண் கிடைக்கச் செய்த ஆசிரியர்கள் மாணவர் மதிப்பீட்டிலும் உயர்ந்து நின்றார்கள். ஆனால் அடுத்தடுத்த பாடங்களில் மாணவர்களைச் சிறப்பாகச் செயல்பட வைத்தவர்கள் மதிப்பீட்டில் தாழ்ந்தே இருந்தார்கள். இத்தாலியின் போக்கோனி பல்கலைக்கழகத் தரவுகளைக் கொண்டு 2014இல் வெளியான ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது.

இதற்குக் காரணம் மாணவர்களின் சோம்பலோ வஞ்சமோ அன்று. மதிப்புரை எழுதப்படுவது பாடம் முடிகிற வாரத்தில். கற்றதன் பயன் தெரிவது அடுத்த பாடத்தில். இரண்டு பருவம் கழித்துத் திரும்பி வந்து, அன்று கடிந்துகொண்டவர்தான் எனக்கு உண்மையில் கற்றுக்கொடுத்தார் என்று திருத்தி எழுதுபவரை நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன். அதோடு, கற்கிறோம் என்ற உணர்வும் கற்றலும் வேறுவேறு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அறிமுக இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், தாங்களே கணக்குகளோடு போராடிய மாணவர்கள் தேர்வில் கூடுதலாகப் பெற்றார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். தெளிவான, தடையற்ற விரிவுரையைக் கேட்டவர்கள் நிறையக் கற்றதாக உணர்ந்து குறைவாகப் பெற்றார்கள். பாடப்பொருள் இரு சாராருக்கும் ஒன்றே. ஆகவே ‘அவர் வகுப்பில் எல்லாம் எளிதாகப் புரிந்தது’ என்று ஒருவர் எழுதினால் அவர் பொய் சொல்லவில்லை. தன் உணர்வைச் சரியாகவே சொல்கிறார். உங்களுக்குத் தேவையான கேள்விக்கு அது விடை இல்லை, அவ்வளவுதான்.

இங்கு ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் துறைக்குத் தொடர்பில்லாத, இனி எப்போதும் தொடரப்போகாத ஒரு விருப்பப் பாடத்துக்கு எளிமையான ஆசிரியரை நாடுவதில் எனக்கு மறுப்பில்லை. அடுத்த மூன்று பாடங்களுக்கு அடித்தளமாகும் ஒன்றுக்கு அப்படித் தேர்ந்தெடுப்பதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன். கடினம் என்றாலே தரம் என்று தலைகீழாகப் புரிந்துகொள்ளவும் வேண்டாம்: பாடத்தின் இயல்பால் வரும் கடினம் வேறு, ஒழுங்கற்ற வினாத்தாளாலும் விளக்கமற்ற திருத்தலாலும் வரும் கடினம் வேறு. ‘கடினமானவர்’ என்ற சொல்லுக்கு அடுத்து எந்த விவரம் வருகிறது என்பதைப் படித்தால் இரண்டையும் பெரும்பாலும் பிரித்தறிந்துவிடலாம்.

பேச்சுவன்மையைப் புலமை என்று கொள்வது

1970இல் அமெரிக்காவில் ‘டாக்டர் ஃபாக்ஸ்’ என்ற பெயரில் ஒரு நடிகர், முரண்பாடுகளும் வெற்றுச் சொற்களும் நிறைந்த உரையொன்றை, கல்வித் துறையிலும் மனநல மருத்துவத்திலும் அனுபவம் கொண்டவர்கள் முன் கவர்ச்சியாக நிகழ்த்தி நல்ல மதிப்பீட்டைப் பெற்றார். தேர்ந்தவர்களே அப்படி ஏமாறும்போது முதலாண்டு மாணவரைக் குறைசொல்ல இடமில்லை.

எழுதுபவரின் சாய்வைக் கணக்கில் கொள்ளாமல் விடுவது

மாணவர்கள் பேராசிரியர்களை மதிப்பிடுவதற்காக 1999இல் தொடங்கப்பட்ட ‘ரேட் மை புரொஃபசர்ஸ்’ இணையதளத்தில் ஆசிரியரின் தோற்றக் கவர்ச்சியைக் குறிக்க ஒரு மிளகாய்ச் சின்னமே நெடுங்காலம் இருந்தது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2018இல்தான் அதை நீக்கினார்கள். சின்னம் போனாலும் பழக்கம் போய்விடவில்லை. 2015இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், முழுக்க இணையவழியில் நடந்த வகுப்பொன்றின் இரு துணை ஆசிரியர்கள், ஒருவர் ஆண், மற்றவர் பெண், தத்தம் பெயரில் ஒரு குழுவுக்கும் மற்றவர் பெயரில் ஒரு குழுவுக்கும் கற்பித்தார்கள். பணிகளைத் திருத்தி ஒரே வேகத்தில் திருப்பித் தந்தபோதும், காலந்தவறாமைக்கு ஆண் என்று நம்பப்பட்டவருக்கு 4.35ம் பெண் என்று நம்பப்பட்டவருக்கு 3.55ம் கிடைத்தன. மாணவர் எண்ணிக்கை ஐம்பதுக்கும் குறைவு என்பதால் இந்த ஒன்றை மட்டும் வைத்து அறுதியிட முடியாது. ஆனாலும், ஆசிரியரின் குரல், உச்சரிப்பு, உடை, கனிவு பற்றிய வரிகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு மதிப்புரையை மறுமுறை படியுங்கள் என்று நான் ஒவ்வொருவரிடமும் வற்புறுத்துகிறேன். சில பக்கங்களில் அதன்பின் எதுவுமே மிஞ்சுவதில்லை.

மதிப்புரைகளை அடியோடு ஒதுக்குவது

இதுவும் தவறே. கனடாவில், அப்போது ரையர்சன் என்ற பெயரில் இயங்கிய பல்கலைக்கழகத்துக்கும் அதன் ஆசிரியர் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில் 2018இல் நடுவர் அளித்த தீர்ப்பு, பதவி உயர்வுக்கும் நிரந்தரப் பணிக்கும் கற்பித்தலின் திறனை அளக்க மாணவர் மதிப்பீடுகளைப் பயன்படுத்தக் கூடாது என்றது. மாணவர்களின் அனுபவத்தை அறிய அவை உதவும் என்பதை மறுக்கவில்லை. அந்த எல்லைக்கோடு நமக்கும் பொருந்தும். வகுப்புக்கு நேரத்தில் வருகிறாரா, விடைத்தாளைக் குறிப்போடு திருப்பித் தருகிறாரா, பருவத்தின் நடுவே விதிகளை மாற்றுகிறாரா, கேள்வி கேட்பவரை அவமதிக்கிறாரா என்பவற்றுக்கு மாணவர்களே நேர்ச்சாட்சிகள். தொடர்பில்லாத பலர், வெவ்வேறு பருவங்களில், ஒரே விவரத்தை வெவ்வேறு சொற்களில் சொல்லியிருந்தால் அதை நான் நம்புவேன். ‘யாரிடமும் பேச மாட்டார், வகுப்பில் கேலி செய்வார்’ என்று மூன்று பருவங்களில் மூவர் எழுதியிருந்தால், நான்காவதாக நீங்கள் போய்ச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

கற்றலின் ஆழத்தைப் பற்றி அறிய வேறு இடத்தில் கேளுங்கள். அந்த ஆசிரியரின் சென்ற பருவப் பாடத்திட்டத்தையும் பழைய வினாத்தாளையும் துறை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். முதல் வாரத்தில் பிரிவு மாற அனுமதி இருந்தால் இருவரின் வகுப்பிலும் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பாடத்தை முடித்தவர்களை விடுத்து, அதற்கு அடுத்த பாடத்தை இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களைத் தேடிப் பிடித்து, முந்தைய பாடத்தில் யாரிடம் படித்தீர்கள், இப்போது எதில் தடுமாறுகிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்.