இஸ்னோபில் எகிறினால் நுரையீரலில் எதைத் தேடணும்?

ரத்த ரிப்போர்ட்டில் இஸ்னோபில் (ஒரு வகை வெள்ளையணு) 12 சதவீதம் என்று பார்த்ததுமே "எனக்கு இஸ்னோபிலியா" என்று முடிவு கட்டி, தும்மினால்கூட அதன் மேல் பழி போடுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். முதலில் சதவீதத்தை விடுங்கள், ஏ.இ.சி. (ரத்தத்தில் உள்ள இஸ்னோபில்களின் நேரடி எண்ணிக்கை) பாருங்கள். ரிப்போர்ட்டில் தனியாகப் போடவில்லையா? மொத்த வெள்ளையணு எண்ணிக்கையைச் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் வந்துவிடும். 6,000-ல் 12 சதவீதம் என்றால் 720, அலர்ஜியோ ஆஸ்துமாவோ குடல்புழுவோ இருந்தாலே இவ்வளவு ஏறும். 20,000-ல் 40 சதவீதம் என்றால் 8,000, அது வேறு கதை. 500 வரை சாதாரணம்.

3,000-ஐத் தாண்டி, ராத்திரியில் தூங்கவிடாத வறட்டு இருமலும் இழுப்பும் சேர்ந்து, ஆள் யானைக்கால் நோய் உள்ள பகுதியில் இருந்தவர் என்றால் டாக்டர் முதலில் நினைக்க வேண்டியது டிராபிகல் பல்மனரி இஸ்னோபிலியா, அதாவது யானைக்கால் நோயை உண்டாக்கும் ஃபைலேரியா புழுவால் வரும் நுரையீரல் நோய். இதில் ராத்திரி ரத்தம் எடுத்துப் பார்த்தாலும் ஃபைலேரியா குட்டிப்புழு பெரும்பாலும் சிக்காது, ஏனென்றால் உடம்பே அவற்றை நுரையீரலில் பிடித்து அழித்துவிடுகிறது. அதனால் ரத்தத்தில் இல்லை என்பதை வைத்து நோயே இல்லை என்று விட்டுவிடக் கூடாது. ஃபைலேரியா ஆன்டிபாடியும் ஐஜிஇ (அலர்ஜியிலும் புழுத் தொற்றிலும் ஏறும் ஒரு ஆன்டிபாடி) அளவும்தான் கை கொடுக்கும், ஐஜிஇ 1,000-க்கு மேல் போயிருக்கும். எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் பொடிப்பொடிப் புள்ளிகள் தெரிந்தால் டிபி என்று குழம்பவும் வாய்ப்புண்டு, சளிப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். ஃபைலேரியாவுக்கான டிஇசி மாத்திரையை டாக்டர் சொன்னபடி மூன்று வாரம் எடுத்து இருமலும் எண்ணிக்கையும் நன்றாக இறங்கினால் அதுவே பெரிய சாட்சி.

இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள்: ஸ்டீராய்டு தொடங்கும் முன்பே ரத்தம் எடுத்துவிடுங்கள், சில மணி நேரத்திலேயே இஸ்னோபில் சரிந்து தடயம் போய்விடும். அப்புறம் மலத்தில் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு இருக்கிறதா என்று ஒரு தடவைக்கு மேல் பார்க்கணும், ஒரே சாம்பிளில் தப்பிவிடும். அந்தப் புழு உள்ளே இருக்கும்போது ஸ்டீராய்டு போனால் உடம்பெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகும்.

சாப்பிடும் மருந்துகளையும் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள், சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் நைட்ரோஃபுரான்டாயின்கூட இஸ்னோபிலை ஏற்றி நுரையீரலைப் பாதிக்கும். ஆஸ்துமாவோடு பழுப்பாகக் கட்டிச்சளி வந்தால் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்கான ஐஜிஇ பார்க்கணும். ஆஸ்துமா, சைனஸ் இரண்டும் இருந்து கால் மரத்துப்போனால் ரத்தக்குழாய் அழற்சியா என்று தேடணும், அதற்கான ஆன்கா ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் வந்தாலும் விடக்கூடாது.

சில நாள் காய்ச்சலிலேயே மூச்சு முட்டுகிறது, அதுவும் புதிதாக சிகரெட் பிடிக்கத் தொடங்கியவர் என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இது திடீரென வரும் அக்யூட் இஸ்னோபிலிக் நிமோனியாவாக இருக்கலாம். இந்த வகையில் ஆரம்பத்தில் ரத்தத்தில் இஸ்னோபில் சாதாரணமாகவே இருக்கலாம், பிராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாய்க்குள் விடும் கேமரா குழாய்) வழியாக நுரையீரலைக் கழுவி எடுக்கும் நீரில்தான் இஸ்னோபில் 25 சதவீதத்துக்கு மேல் தெரியும்.